நண்பரை மறுத்து எழுதினார். நண்பரே அதை அச்சிட்டார்!

1934-ம் ஆண்டு ஜனவரி 24-ந் தேதி. திருநெல்வேலியில் பொதுக்கூட்டம். மகாத்மா காந்தி பேச வந்திருந்தார்.

தீண்டாமையை ஒழிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு அவர் நாடெல்லாம் சுற்றிய காலம் அது. 1933 நவம்பரில் வார்தாவில் புறப்பட்டார். ஒன்பது மாதப் பயணம். மொத்தம் 12,500 மைல். போன ஊரிலெல்லாம் தாழ்த்தப்பட்ட மக்களின் முன்னேற்றத்துக்காகக் கையேந்தி நிதி கேட்டார். கிழவிகள் சுருக்குப் பையை அவிழ்த்துக் காசு போட்டார்கள். பெண்கள் வளையலைக் கழற்றிக் கொடுத்தார்கள்.

அன்று திருநெல்வேலியில் காந்தி ஒரு வார்த்தை சொன்னார். அது நாடு முழுவதும் பேச்சாகிவிட்டது.

பீகாரில் பெரிய பூகம்பம் நேர்ந்து அப்போது ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அந்தப் பூகம்பம், தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று தாம் நம்புவதாகக் காந்தி சொன்னார்.

பத்திரிகைகளில் செய்தி வந்தது. வங்காளத்தில் சாந்திநிகேதனம் என்ற இடத்தில் 72 வயது முதியவர் ஒருவர் அதைப் படித்தார். நரைத்த தாடி. நீண்ட அங்கி. உலகம் அறிந்த கவி. அவர்தான் ரவீந்திரநாத தாகூர்.

அவர் காந்தியின் நெருங்கிய நண்பர். நண்பர் இப்படிப் பேசியிருப்பார் என்று அவரால் நம்பவே முடியவில்லை. பேசியது உண்மையானால், அதைச் சும்மா விடவும் அவருக்கு மனம் இல்லை.

சொல்லாமல் இருந்தால் மனச்சாட்சி குத்தும். சொன்னால் நட்பு என்ன ஆகும்?

பூமி ஆடியது

ஜனவரி 15-ந் தேதி பிற்பகல் 2 மணிக்கு மேல் சில நிமிடம் இருக்கும். பீகாரிலும் நேபாளத்திலும் பூமி குலுங்கியது. முங்கேர், முசாபர்பூர், தர்பங்கா ஆகிய ஊர்களில் வீடுகள் மண்மேடாயின. வயல்களில் தரை பிளந்து மணலும் தண்ணீரும் பீறிட்டன. காட்மாண்டு பள்ளத்தாக்கிலும் பெரிய நாசம். இறந்தவர்கள் 10 ஆயிரத்துக்கும் மேல்.

சிறையில் இருந்த பீகார் தலைவர் ராஜேந்திர பிரசாத் இரண்டு நாளில் விடுதலை ஆனார். நேரே நிவாரண வேலையில் இறங்கினார். பிற்காலத்தில் இந்தியக் குடியரசின் முதல் ஜனாதிபதி ஆனவர் இவர்தான்.

காந்தியும் பீகாருக்கு உதவும்படி போகும் இடமெல்லாம் கேட்டுக்கொண்டார். அந்தத் துயரத்தைப் பற்றிப் பேசும்போதுதான், தீண்டாமையையும் பூகம்பத்தையும் முடிச்சுப் போட்டார்.

காந்திக்கு அப்போது எதிரிகள் குறைவில்லை. தீண்டாமையை விடமாட்டோம் என்ற வைதிகர்கள் சில ஊர்களில் கறுப்புக் கொடி பிடித்தார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம் புனாவில் அவரைக் குறிவைத்து வெடிகுண்டே வீசினார்கள். அவர் தப்பினார்.

இப்படிப்பட்ட நேரத்தில், சொந்த நண்பரே மறுத்து எழுதினால் அது யாருக்கு லாபம்? எதிரிகள் அதைத் தூக்கிக்கொண்டு ஓட மாட்டார்களா? தாகூரின் தர்மசங்கடம் இதுதான்.

முதலில் ஒரு கேள்வி

தாகூர் தம் மறுப்பை எழுதி முடித்தார். ஆனால் பத்திரிகைக்கு அனுப்பவில்லை. ஜனவரி 28-ந் தேதி காந்திக்கே அனுப்பினார். கூடவே ஒரு கடிதம்.

பத்திரிகையில் வந்த பேச்சைக் கடிதத்தில் குறிப்பிட்டார். இதை நம்பக் கஷ்டமாக இருக்கிறது என்றார். இதுவே உங்கள் உண்மையான கருத்தானால், மறுக்காமல் விடக்கூடாது என்று நினைக்கிறேன் என்றார். செய்தி சரிதான் என்றால் மறுப்பைப் பத்திரிகைக்கு நீங்களே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். நடக்காத ஒன்றை வைத்து உங்களைக் குறை சொல்ல மாட்டேன், அதனால்தான் நானாக அனுப்பவில்லை என்று காரணமும் சொன்னார்.

நீங்கள் இப்படிச் சொன்னது உண்மையா என்று முதலில் கேட்டார். அதற்குப் பிறகுதான் மறுப்பு.

மறுப்பிலே மழுப்பல் இல்லை. பூகம்பத்துக்குக் காரணம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது, மனிதனின் பாவ புண்ணியத்தில் இல்லை என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாக எழுதினார். பூகம்பத்தில் செத்தவர்களில் குழந்தைகள் உண்டு. தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்களும் உண்டு. தூரத்தில் சுகமாக இருக்கும் குற்றவாளிகளுக்குப் புத்தி வருவதற்காகக் கடவுள் இவர்களைக் கொல்வாரா என்று கேட்டார்.

இன்னொன்றும் சொன்னார். இந்த மாதிரி வாதம் காந்தியைவிட அவருடைய எதிரிகளுக்குத்தான் பொருந்தும். காந்தியும் அவரைச் சேர்ந்தவர்களும் செய்த காரியத்தால்தான் கடவுளுக்குக் கோபம் வந்தது என்று எதிரிகள் சொன்னால் என்ன செய்வது?

இவ்வளவு எழுதியவர் நன்றியையும் மறக்கவில்லை. பயந்து கிடந்த மக்களின் மனதிலிருந்து பயத்தைப் போக்கியவர் மகாத்மா என்றார். அப்படிப்பட்டவர் வாயிலிருந்து பகுத்தறிவுக்கு ஒவ்வாத சொல் வருவதுதான் எங்களுக்கு வேதனை என்று எழுதினார்.

காந்தி என்ன செய்தார்?

கடிதம் காந்தியின் கைக்கு வந்தது. அது வெளியில் போகாத கடிதம். நினைத்திருந்தால் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கலாம். பத்திரிகை நிருபர்மீது பழியைப் போட்டிருக்கலாம். நான் அப்படிச் சொல்லவில்லை என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம்.

காந்தி அப்படிச் செய்யவில்லை. ஆமாம், அது என் கருத்துதான் என்று ஒப்புக்கொண்டார். தாகூரின் மறுப்பை எடுத்துத் தம்முடைய சொந்தப் பத்திரிகையான ‘ஹரிஜன்’ ஏட்டிலேயே அச்சிட்டார். 1934 பிப்ரவரி 16-ந் தேதி இதழில் அது வெளிவந்தது. அதே இதழில் தம் பதிலையும் போட்டார். வாசகர்கள் இரண்டையும் படித்துக்கொள்ளட்டும்!

காந்தியின் பதில் என்ன? தாகூரை அவர் ‘குருதேவ்’ என்றே குறிப்பிட்டார். எங்களுக்குள் கருத்து வேற்றுமை உண்டு என்பது வெகு நாளாகவே தெரியும், அதனால் எங்கள் அன்பு ஒருநாளும் குறைந்ததில்லை என்றார். நான் தவறு செய்வதாக நினைத்தால் கண்டிக்க அவருக்கு முழு உரிமை உண்டு என்றார்.

ஆனால் தம் நம்பிக்கையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கடவுளின் சட்டங்கள் எல்லாம் எனக்குத் தெரியாது. ஆனாலும் மனிதனின் ஒழுக்கத்துக்கும் இயற்கையின் சீற்றத்துக்கும் ஏதோ தொடர்பு இருப்பதாக என் மனம் சொல்கிறது என்று எழுதினார்.

இருவரும் தங்கள் இடத்தைவிட்டு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. தாகூர் பக்கம் நின்றவர்களும் உண்டு. காந்தியின் பேச்சைப் படித்து அதிர்ந்ததாகவும், தாகூரின் பதிலை முழுதும் ஒப்புக்கொண்டதாகவும் ஜவாஹர்லால் நேரு தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

இந்த வழக்கில் தாகூர் சொன்னதுதான் சரி. இந்தியா இருக்கும் பெரிய நிலத்தட்டு வடக்கு நோக்கி மெல்ல நகர்ந்து, ஆசியக் கண்டத்தின் தட்டை நெருக்குகிறது. அந்த நெருக்கத்தில் எழுந்ததுதான் இமயமலை. நெருக்கம் தாங்காமல் அடியில் பாறை நழுவும்போது பூமி ஆடுகிறது. நிலத்தட்டுகள் நகருவதை விஞ்ஞானிகள் தெளிவாக எடுத்துக்காட்டியது 1960-களில்தான். ஆனால் பூகம்பத்துக்கு இயற்கைதான் காரணம் என்ற மட்டில் 1934-லேயே தாகூருக்குச் சந்தேகம் இல்லை.

தீண்டாமை பெரும் பாவம் என்பதிலோ இருவருக்கும் கருத்து வேற்றுமையே இல்லை.

சமையல் கட்டில் தொடங்கிய நட்பு

இந்த நட்பு எப்படித் தொடங்கியது?

தாகூர் 1861-ல் பிறந்தவர். காந்தி 1869-ல் பிறந்தவர். தாகூர் எட்டு வயது மூத்தவர். 1913-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆசியாவில் அந்தப் பரிசு பெற்ற முதல் மனிதர் அவர்தான்.

காந்தி தென்னாப்பிரிக்காவை விட்டு இந்தியா திரும்பிய நேரம். அவருடைய ஆசிரமத்துப் பிள்ளைகள் முன்னதாகவே வந்துவிட்டார்கள். தங்க இடம் வேண்டும். தாகூர் தம் சாந்திநிகேதனப் பள்ளியில் அவர்களுக்கு இடம் கொடுத்தார். 1915-ம் ஆண்டு மார்ச் மாதம் காந்தியும் தாகூரும் அங்கே முதல் தடவையாகச் சந்தித்தார்கள்.

காந்தியால் ஓர் இடத்தில் சும்மா இருக்க முடியுமா? பள்ளியில் சமையல்காரர்கள் இருந்தார்கள், வேலைக்காரர்கள் இருந்தார்கள். இதெல்லாம் எதற்கு என்றார் காந்தி. நீங்களே சமையுங்கள், நீங்களே பாத்திரம் தேயுங்கள், நீங்களே கூட்டுங்கள் என்று மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் யோசனை சொன்னார்.

விருந்தாளியாக வந்தவர் வீட்டுக்காரரின் சமையல் கட்டையே மாற்றப் பார்க்கிறார்! ஆனால் தாகூர் கோபிக்கவில்லை. ஆசிரியர்கள் சம்மதித்தால் எனக்கும் சம்மதம் என்றார். சுயராஜ்யத்தின் திறவுகோல் இதிலே இருக்கிறது என்று மாணவர்களிடம் சொன்னார். மார்ச் 10-ந் தேதி அந்தச் சோதனை தொடங்கியது. சில நாள் நடந்து நின்றும்போனது.

ராட்டைச் சண்டை

சமையல் கட்டு சின்ன விஷயம். அடுத்து வந்ததோ நாட்டின் தலைவிதியைப் பற்றிய விவகாரம்.

1919-ல் ஜாலியன்வாலா பாக்கில் வெள்ளையர் படை மக்களைச் சுட்டுத் தள்ளியது. தாகூர் பொறுக்கவில்லை. வெள்ளைக்கார அரசு கொடுத்த ‘சர்’ பட்டம் வேண்டாம் என்று வைஸ்ராய்க்கு எழுதினார். ஆகவே அவரை யாரும் வெள்ளையனுக்குப் பயந்தவர் என்று சொல்ல முடியாது.

அடுத்த ஆண்டு காந்தி ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கினார். மாணவர்கள் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்தார்கள். வக்கீல்கள் கோர்ட்டை விட்டார்கள். தெருவுக்குத் தெரு அந்நியத் துணி எரிந்தது. எல்லோரும் ராட்டையில் நூல் நூற்க வேண்டும் என்றார் காந்தி.

தாகூர் அப்போது வெளிநாட்டில் இருந்தார். 1921-ல் திரும்பினார். நாட்டில் ஒரே உற்சாகம். ஆனால் அவர் மனம் ஒப்பவில்லை. பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து வெளியே இழுத்தால் அவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்டார். உடுக்கத் துணி இல்லாத ஏழைகள் இருக்கும் நாட்டில் துணியைக் கொளுத்தலாமா என்றார். ஏன் எதற்கு என்று கேட்காமல், தலைவர் சொன்னார் என்பதற்காக எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்வது நல்லதில்லை என்றார்.

1921 செப்டம்பர் 6-ந் தேதி கல்கத்தாவில் ஜோராசாங்கோ என்ற பகுதியில் உள்ள தாகூர் மாளிகைக்குக் காந்தி வந்தார். இருவருக்கும் வேண்டியவரான ஆங்கிலப் பாதிரியார் ஆண்ட்ரூஸ் உடன் இருந்தார். நெடுநேரம் பேசினார்கள். உள்ளே அகிம்சையைப் பற்றிப் பேச்சு நடக்கும்போது, வெளியே முற்றத்தில் ஒரு கூட்டம் அந்நியத் துணியைக் குவித்துத் தீ மூட்டியதாம். தாகூர் பின்னாளில் ஒரு நண்பரிடம் இதைச் சொல்லியிருக்கிறார்.

பேச்சு முடிந்தது. உடன்பாடு ஏற்படவில்லை.

தாகூர் அடுத்த மாதமே தம் கருத்தைக் கட்டுரையாக வெளியிட்டார். காந்தி ‘யங் இந்தியா’ பத்திரிகையில் பதில் எழுதினார். பதிலுக்கு என்ன தலைப்புக் கொடுத்தார் தெரியுமா? ‘மாபெரும் காவலர்’! தம்மைக் குறை சொன்னவருக்குத்தான் அந்தப் பெயர். நம்மிடம் மூடத்தனம், சோம்பல், சகிப்பின்மை ஆகிய பகைவர்கள் நுழையாமல் கவி காவல் காக்கிறார் என்று பாராட்டினார்.

பாராட்டியதோடு நிற்கவில்லை. திருப்பியும் கொடுத்தார். வீடு தீப்பற்றி எரியும்போது வீட்டில் உள்ள எல்லோரும் ஆளுக்கொரு வாளி எடுத்து ஓட வேண்டாமா என்று கேட்டார். பசித்தவன் கண்ணுக்குக் கடவுள் வேலையாகவும் கூலியாகவும்தான் தெரிவார் என்றார். விடியற்காலையில் பாடிப் பறக்கும் பறவைகளைக் கவி பார்க்கிறார். பசியால் சிறகை அசைக்கக்கூடச் சக்தி இல்லாத பறவைகளை நான் பார்த்திருக்கிறேன் என்று எழுதினார். கவியும் ராட்டை சுற்றட்டும் என்றார்!

கோள் சொன்னவர்கள்

பெரியவர்கள் இருவர் வாதாடினால் நடுவில் உள்ளவர்களுக்குக் கொண்டாட்டம். இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று சொல்லி மூட்டிவிடுவார்கள். இவர்கள் நடுவிலும் அது நடந்தது.

1925-ல் தாகூர் ராட்டையைக் குறைகூறி மீண்டும் ஒரு கட்டுரை எழுதினார். உடனே சிலர், கவிக்குக் காந்தியின்மேல் பொறாமை என்று கதை கட்டினார்கள். காந்தி அதை ஒரே வெட்டாக வெட்டினார். ஆதாரம் இல்லாத இப்படிப்பட்ட சந்தேகம், சந்தேகப்படுகிறவர்களின் பலவீனத்தையும் சகிப்பின்மையையும் காட்டுகிறது என்றார்.

நட்பைப் பற்றியும் அந்தப் பதிலில் எழுதினார். நண்பர்கள் என்றால் எல்லாவற்றிலும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்றார். மாறுபடலாம், ஆனால் அதில் கசப்பு இருக்கக்கூடாது என்றார்.

ஆனால் ஒரு விஷயம் மட்டும் அவர் மனதைப் புண்படுத்தியிருந்தது. வங்காளத்துப் பெரியவர் ராஜா ராம்மோகன் ராயைக் காந்தி சிறு மனிதர் என்று மட்டமாக நினைக்கிறார் என்று யாரோ சொல்ல, தாகூர் அதை நம்பிவிட்டார். அந்தப் பேச்சு காற்றுவாக்கில் திரிந்து அவர் காதுக்கு வந்தது. காந்தி அதை மறுத்து, தாம் சொன்னது என்ன என்பதை விளக்கினார்.

இப்போது 1934-ம் ஆண்டுக் கடிதத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். இது உண்மையா என்று கேட்டுவிட்டுத்தான் மறுப்பேன் என்று அதே தாகூர் எழுதினார் அல்லவா? காதில் விழுந்ததை நம்பாமல் சம்பந்தப்பட்டவரையே கேட்டார். அந்த ஒரு கேள்வி எத்தனை மனக்கசப்பைத் தடுத்துவிட்டது!

சிறைக்குள் ஒரு பாட்டு

எழுத்தில் மோதிக்கொண்டவர்கள், கஷ்டகாலத்தில் எப்படி நடந்துகொண்டார்கள்?

1932 செப்டம்பர். காந்தி எரவாடா சிறையில் இருந்தார். தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தனித் தேர்தல் தொகுதி கொடுப்பதை எதிர்த்து உண்ணாவிரதம் தொடங்கினார். அந்த மக்களின் தலைவர் டாக்டர் அம்பேத்கர் தனித் தொகுதி வேண்டும் என்று போராடி வந்தவர். அதனால் அந்த உண்ணாவிரதமும் பெரிய கருத்து மோதல்தான். முடிவில் செப்டம்பர் 24-ந் தேதி புனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

உண்ணாவிரதம் தொடங்கிய 20-ந் தேதி விடியற்காலையில் காந்தி தாகூருக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்கள் உள்ளம் ஒப்பினால் ஆசி கொடுங்கள், ஒப்பாவிட்டால் கண்டித்து எழுதுங்கள் என்று கேட்டார். கடிதத்தைச் சிறை அதிகாரியிடம் கொடுக்கும் நேரத்தில் ஒரு தந்தி வந்தது. தாகூரின் தந்தி! கேட்பதற்கு முன்பே அன்பும் ஆதரவும் வந்து சேர்ந்துவிட்டன.

தாகூர் தந்தியோடு நிற்கவில்லை. 71 வயதில் வங்காளத்திலிருந்து புனா வரை ரெயிலில் வந்தார். 26-ந் தேதி சிறைக்குள் காந்தியின் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று மாலை கஸ்தூர்பா ஆரஞ்சுச் சாறு கொடுக்க, காந்தி உண்ணாவிரதத்தை முடித்தார். அதற்கு முன்பு தாகூர் தம் வங்காளிப் பாடல் ஒன்றைப் பாடினார்.

60 ஆயிரம் ரூபாய்

1936-ம் ஆண்டு. தாகூருக்கு 75 வயது நிறையப் போகிறது. சாந்திநிகேதனத்தில் அவர் நிறுவிய விசுவபாரதி கலாசாலைக்குப் பணமுடை. மாணவர்களையும் கலைஞர்களையும் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக நாட்டிய நாடகம் நடத்தி நிதி திரட்டினார். டெல்லிக்கும் வந்தார்.

காந்தி பார்த்தார். இந்த வயதில் இவர் இப்படி அலைவதா? எவ்வளவு பணம் தேவை என்று விசாரித்தார். வேண்டியவர்களிடம் சொன்னார். 60 ஆயிரம் ரூபாய் தாகூரிடம் வந்து சேர்ந்தது. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை.

ராட்டை சுற்ற மாட்டேன் என்று சொன்னவரின் கலாசாலைக்கு, ராட்டையே உயிர் என்று சொன்னவர் பணம் திரட்டிக் கொடுத்தார்!

கடைசிச் சந்திப்பு

1940 பிப்ரவரியில் காந்தியும் கஸ்தூர்பாவும் சாந்திநிகேதனம் வந்தார்கள். தாகூர் தளர்ந்திருந்தார். இரண்டு நாள் தங்கினார்கள். புறப்படும் நேரத்தில் தாகூர் காந்தியின் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தார். எனக்குப் பிறகு விசுவபாரதியை உங்கள் பாதுகாப்பில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அதில் கேட்டிருந்தார்.

தாகூரைச் சுற்றி எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் தம் வாழ்நாள் உழைப்பை அவர் ஒப்படைத்தது, கால் நூற்றாண்டாகத் தம்மோடு வாதாடிய மனிதரிடம்.

காந்தி அந்தக் கடிதத்தை மௌலானா அபுல் கலாம் ஆசாத்திடம் காட்டினார். 1941 ஆகஸ்டு 7-ந் தேதி தாகூர் காலமானார். 1948-ல் காந்தியும் மறைந்தார். ஆனாலும் கடிதம் வீண்போகவில்லை. சுதந்திர இந்தியாவின் கல்வி மந்திரியாக ஆசாத் இருந்தபோது, 1951-ல் விசுவபாரதி மத்திய அரசின் பல்கலைக்கழகம் ஆயிற்று.

நம் வீட்டுக்கும் பொருந்தும்

தேர்தல் வந்தால் அண்ணன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி. கோயில், சாதி, கல்யாணம் என்று பேச்சு வந்தால் அப்பா ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம். சாப்பாட்டு நேரத்தில் தொடங்கும் பேச்சு, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோவதில் முடிகிறது. சில வீடுகளில் ஆண்டுக்கணக்காகப் பேச்சே நின்றுவிடுகிறது.

காந்தியும் தாகூரும் பெரியவர்கள். ஆனால் அவர்கள் செய்தவை நம்மால் செய்ய முடியாத காரியங்கள் அல்ல. இப்படிச் சொன்னாயா என்று முதலில் நேரில் கேட்டார்கள். மறுப்பதை ஒளிக்காமல் மறுத்தார்கள். எதிராளியின் பேச்சைப் பாதியில் வெட்டாமல், முழுவதும் ஊர் கேட்கும்படி விட்டார்கள். கோள் சொன்னவர்களுக்குக் காது கொடுக்கவில்லை. ஒரு தடவை கொடுத்தபோது அதன் பலனையும் கண்டார்கள். நண்பருக்குக் கஷ்டம் என்றால் வாதத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஓடி வந்தார்கள்.

இதற்காக யாரும் தம் கொள்கையை விட வேண்டியதில்லை. தாகூர் கடைசி வரையில் ராட்டையை ஏற்கவில்லை. காந்தி கடைசி வரையில் அதை விடவில்லை.

சாந்திநிகேதனத்தில் ஆண்டுதோறும் மார்ச் 10-ந் தேதி ஒரு விசேஷம் உண்டு. அன்று சமையல்காரர்களுக்கும் வேலைக்காரர்களுக்கும் விடுமுறை. மாணவர்களும் ஆசிரியர்களும் துடைப்பம் பிடிக்கிறார்கள், அடுப்பு மூட்டுகிறார்கள், பாத்திரம் தேய்க்கிறார்கள். 1915-ல் சில நாள் நடந்து நின்றுபோன அந்தப் பழைய சோதனையின் நினைவு நாள் அது.

கவி கட்டிய கலாசாலை. அங்கே அந்த நாளுக்குப் பெயர், காந்தி தினம்!